டெலிபோன்காரி கேட்ட உத்தியோகம்

வாய்க்கால் கரைச் சேற்றில் என் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதை இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் இன்ஜினியர் என்சிக் ஹாஷிம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“கம்பெனியில புவானோட பதவி என்ன?”

மலாயில்தான் கேட்டார். புவான் என்றால் அம்மா, என்சிக் என்றால் ஐயா. அன்று நடந்த பேச்சில் பாதிக்கு மேல் மலாய்தான். எழுதும்போது எல்லாம் தமிழாகத்தான் வருகிறது.

காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஜீப்பின் பெட்ரோல் வாடையும் நெல் வயலின் ஈர வாடையும் கலந்து முகத்தில் அடித்தது. இன்ஜினியருக்குப் பக்கத்தில் நிலத்து ஆபிசிலிருந்து வந்த ஓர் இளம் அதிகாரி குடை பிடித்துக்கொண்டு நின்றார். வாய்க்காலுக்கு அக்கரையில், தோட்டத்துப் பக்கம், ரப்பர் பால்வெட்டு முடித்து வந்தவர்கள் வாளியோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாய்க்காலின் அகலம் கேட்டால் என்ன சொல்வது, கம்பெனி நிலம் எங்கே முடிகிறது என்று கேட்டால் என்ன சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்திருந்தேன். இந்தக் கேள்வியை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

“டெலிபோன் ஆபரேட்டர்,” என்றேன்.

குடைக்காரர் சிரித்துவிட்டார். இன்ஜினியர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போன வாரம் கோப்பெங் வீட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: ‘அரசாங்கத் தொடர்பு அதிகாரியாக இருந்தேன் என்கிறீர்களே அக்கா, அது என்ன வேலை? அது எப்படி உங்களுக்குக் கிடைத்தது?’

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில் உண்டு. ஒரு கம்பெனி ரோடு போட, கட்டடம் கட்ட, மரத்தை வெட்டி வேறு மரம் நட, எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தின் சம்மதம் வேண்டும். அதை வாங்கிவர ஓர் ஆள் வேண்டும். எந்த ஆபிசில் யாரைப் பார்ப்பது, காகிதம் எதற்காக அங்கே நிற்கிறது, எப்போது பேசுவது, எப்போது வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது என்று தெரிந்த ஆள். இரண்டாவது கேள்விக்குத்தான் அந்த வாய்க்கால் கரைக்குப் போகவேண்டியிருக்கிறது.

குரல் மட்டும்

எழுபதுகளின் கடைசி அது. ஈப்போ பழைய டவுனில் ஒரு சீன மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபிஸ். படி ஏறும்போதே காய்ந்த வேர், இஞ்சி எல்லாம் சேர்ந்து வாடை வரும். கம்பெனிக்கு பேராக் மாநிலத்தில் அங்கங்கே ரப்பர் தோட்டங்கள். சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒன்று, பாகான் செராய்ப் பக்கம் ஒன்று. ரப்பரை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனையை நட்டுக்கொண்டிருந்த காலம்.

நான் ப்ளக் போர்டில் உட்கார்ந்திருந்தேன். காதில் கருவி, கையில் கயிறு, எதிரே விளக்கு. விளக்கு எரிந்தால் ப்ளக்கைக் குத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் அந்தச் சமயத்தில்தான் அரசாங்க ஆபிஸ்களில் எல்லாமே மலாய் மொழிக்கு மாறிக்கொண்டிருந்தது. எங்கள் தலைமைக் குமாஸ்தா தேவராஜ் சாருக்கு இங்கிலீஷ் கடிதம் என்றால் அல்வா. மலாயில் போன் பேசச் சொன்னால் வேர்த்துவிடும். “தனம், நீயே கேட்டுச் சொல்லிடும்மா,” என்பார். முதலில் வாரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் தினமும். கொஞ்ச நாளில் அரசாங்கத்துக்குப் போகும் போன் எல்லாம் நான் பேசுவது என்று ஆகிவிட்டது. சம்பளம் மட்டும் ப்ளக் குத்துகிறவளின் சம்பளம்.

என் மலாய் கோப்பெங்கில் பிறந்தது. அப்பா ஈயச் சுரங்கத்தில் காவல்காரர். ஈயக் குட்டைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் கம்பம் என்று நாங்கள் சொல்லும் மலாய்க் கிராமம். விளையாட்டும் சண்டையும் அந்த மொழியில்தான். ஆனால் கம்பத்துப் பேச்சை ஆபிசில் பேசினால் மரியாதை இருக்காது என்று புரிந்தது. ரேடியோவில் மலாய்ச் செய்தி வாசிக்கிறவரின் பேச்சை, சோறு வடித்துக்கொண்டே கூடவே சொல்லிப் பார்ப்பேன். என் மூத்தவள் ரொம்ப நாள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருந்தாள்.

ஆபிஸ் ஆபிசாகப் பேசிப் பேசி எல்லாருடைய குரலும் பழகிவிட்டது. நிலத்து ஆபிசில் காக் சைத்தோன், அதாவது சைத்தோன் அக்கா, என்று ஒரு கிளார்க். அவள் இருமினாலே மழைக்காலம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். தனலெட்சுமி என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை. ‘டானா’ ஆக்கிவிட்டாள். வருஷக்கணக்கில் பேசியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

அக்கரையில் நின்ற வண்டி

பாகான் செராய்த் தோட்டத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே வயலுக்குத் தண்ணீர் போகும் பெரிய வாய்க்கால். அதன் மேல் இருந்த பழைய பலகைப் பாலம் ஒரு லாரியின் கனம் தாங்காமல் ஒருநாள் உட்கார்ந்துவிட்டது. கம்பெனி சொந்தச் செலவில் புதுப்பாலம் கட்டத் தயார். சம்மதம்தான் வரவில்லை. வாய்க்கால் ஓர் ஆபிசுடையது, கரை இன்னோர் ஆபிசுடையது. ஊர் பேரும் இலாகா பேரும் வேண்டாம். நிலத்து ஆபிஸ், வாய்க்கால் ஆபிஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

லாரிகள் செம்மண் ரோட்டில் ரொம்ப தூரம் சுற்றிப் போயின. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்கள் இரண்டு தென்னைமரங்களைப் போட்டு, கயிறு கட்டி, அதன் மேல் நடந்தார்கள்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை. போர்டில் அந்தத் தோட்டத்தின் விளக்கு எரிந்தது. தோட்டத்து ஆபிஸ் குமாஸ்தா, கிராணி என்போம், பேசினான். சின்னப் பையன், எப்போதும் சிரித்துப் பேசுகிறவன். அன்று குரல் நடுங்கியது.

“அக்கா, பெரியவருக்குக் குடுங்கக்கா. நம்ம முனுசாமி அண்ணே சம்சாரத்துக்கு வலி வந்திருச்சு. ஆம்புலன்ஸ் அந்தக் கரையில நிக்குது. கட்டில்ல வச்சுத் தூக்கிட்டுப் போறாங்க. மரம் வழுக்குதுக்கா.”

லைனைக் கொடுத்தேன். ஜெனரல் மேனேஜர் மிஸ்டர் லியூ பேசினார். மத்தியானம் மறுபடியும் அதே விளக்கு.

“பாதியில மரம் உருண்டிருச்சுக்கா. பொம்பள பொழச்சிருச்சு. பிள்ளதான்...”

லைன் திறந்தபடியே இருந்தது. கூரையில் மழை விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மிஸ்டர் லியூ கதவைத் திறந்து வந்து போர்டுக்குப் பக்கத்தில் நின்றார். கடுமையான மனுஷன்தான். அன்று கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். “நிலத்து ஆபிசுக்கு இன்னொரு தடவை கேள்,” என்றார்.

கேட்டேன். எப்போதும் வரும் பதில்தான் வந்தது. வாய்க்கால் ஆபிஸ் இன்னும் பதில் போடவில்லை. அந்த ஆபிசைக் கேட்டால், இந்த ஆபிஸ் போடவில்லை. என் குரல் எத்தனை தடவை அங்கே போய்விட்டு வெறும் கையோடு திரும்பியிருக்கிறது! இனி ஆளே போகவேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

வீட்டில் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் மணியம் பஸ் பட்டறையில் மெக்கானிக். விரலில் கிரீஸ் போகாமல் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“ப்ளக்கு குத்துறதுக்குத்தான சம்பளம் தராங்க? பாலம் கட்டுறதுக்கா தராங்க?”

“நான் கட்டலைங்க. சம்மதம் குடுக்கிறவங்களப் பாக்கப் போறேன்.”

“ஆபிசுக்குத் தெரிஞ்சா?”

“சூத்தி எடுத்துட்டுத்தான போறேன். என் லீவுல நான் எங்க போனா அவங்களுக்கு என்னலா?”

மறுநாள் காலையில் அவரே மோட்டார் சைக்கிளில் பஸ் நிலையத்தில் கொண்டு வந்து இறக்கிவிட்டார். “மலைப்பாதையில குமட்டும், வாயில போட்டுக்க,” என்று ஒரு பொட்டலம் உப்பும் புளிப்புமான அசாம் வற்றலைக் கையில் திணித்தார்.

முகம் பார்த்த நாள்

நிலத்து ஆபிஸ் கவுண்டரில் நின்று, “டானா, ஈப்போவிலிருந்து,” என்றேன்.

உள்ளே இருந்து ஒரு பருமனான அம்மாள் துள்ளி எழுந்து ஓடி வந்தாள். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“டானாவா? எங்க டானா?”

“நான்தான் காக்.”

இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “யா அல்லா! நீ இந்தியப் பொண்ணா? ஒல்லியா ஒரு மலாய்ப் பொண்ணுன்னு நெனச்சிருந்தேன்லா!”

“நானும் ஒங்கள ஒல்லின்னுதான் நெனச்சிருந்தேன்.”

அவள் சிரித்த சிரிப்பில் கவுண்டர் பலகை ஆடியது. கேன்டீனுக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். முனுசாமி வீட்டுச் சங்கதியைச் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

“யாரும் கெட்டவங்க இல்ல டானா. மொதல்ல கையெழுத்து வைக்கிறது யாருங்கிறதுதான் பயம். நாளைக்கு ஏதாச்சும் ஆனா அவர் தலையிலதான விழும்? எங்க ஆளும் அந்த எடத்தப் பாத்ததில்ல. அவங்க ஆளும் பாத்ததில்ல.”

“ரெண்டு பேரையும் ஒரே நாள்ல அங்க வர வைக்க முடியுமா காக்?”

அவள் விரல் விட்டு நாளை எண்ணினாள். அவளுடைய அதிகாரி புதன்கிழமை அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போகிறார். வாய்க்கால் ஆபிஸ் இன்ஜினியரும் அடிக்கடி மதகு பார்க்க வருகிறவர். “கேட்டுப் பாக்கிறேன். ஆனா கம்பெனியிலேர்ந்து ஆள் வருவாங்கன்னு சொல்லிருவேன். நீ வரணும்.”

வருகிறேன் என்றேன். ஈப்போ திரும்பியதும் புதன்கிழமைக்கு இன்னொரு நாள் சூத்தி கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

தண்ணீரில் நின்றவர்

இனி அந்தக் கரைக்கு வருகிறேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“யார் அனுப்பினாங்க?” என்று இன்ஜினியர் கேட்டார்.

“யாரும் அனுப்பல. சூத்தி எடுத்து வந்திருக்கேன்.”

“அப்ப ஒங்ககிட்ட நான் என்ன பேசறது? கம்பெனி பேர்ல பேசறவர் யாரு?”

“எங்க ஜெனரல் மேனேஜர். ஈப்போல இருக்கார். டெலிபோன்ல பேசலாம், என்சிக்.”

“டெலிபோன் எங்க இருக்கு?”

அக்கரையைக் காட்டினேன். தோட்டத்து ஆபிசின் தகரக் கூரை தூரத்தில் தெரிந்தது. நடுவே அந்த இரண்டு தென்னைமரங்கள்.

இதைத் திட்டம் போட்டுச் செய்தேனா என்று பின்னாளில் பலர் கேட்டிருக்கிறார்கள். சத்தியமாக இல்லை. அந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த டெலிபோன் அது ஒன்றுதான்.

என்சிக் ஹாஷிம் மரத்தைப் பார்த்தார். பிறகு பூட்ஸைக் கழற்றி, கயிற்றை முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டார். அவர் கால் வைத்ததும் மரம் லேசாகப் புரண்டது. அக்கரையில் நின்ற ஒருவர் சட்டென்று வாய்க்காலில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். இரண்டு கையாலும் மரத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் நின்றார். இன்ஜினியர் கடந்தார். நான் கடந்தேன். குடைக்காரர் முடியாது என்றார், பிறகு தனியாக நிற்க வெட்கப்பட்டு, மரத்தில் குதிரை ஏறுவதுபோல் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்தே வந்து சேர்ந்தார். கரையில் நின்ற ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

ஆபிசில் கிராணி நாற்காலிகளை இழுத்துப் போட்டான். நான் ஈப்போவுக்கு லைன் கேட்டேன்.

மிஸ்டர் லியூவும் நானும் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம். “நீ லீவில் இல்லையா?” என்றார்.

“லீவுலதான் இருக்கேன் சார். பாகான் செராய் தோட்டத்து ஆபிஸ்லேர்ந்து பேசறேன். பக்கத்துல வாய்க்கால் இன்ஜினியரும் நிலத்து ஆபிஸரும் நிக்கிறாங்க. ரெண்டு பேரும்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“கம்பெனி பேரில் என்ன ஒத்துக்கொண்டாய்?”

“ஒண்ணும் ஒத்துக்கல. டெலிபோன் ஆபரேட்டர்னு மட்டும் சொன்னேன்.”

“அவரிடம் கொடு.”

நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். உள்ளே ரொம்ப நேரம் பேசினார்கள். குடைக்காரரும் ஒரு முறை போனை வாங்கிப் பேசினார். வெளியே வந்தபோது இன்ஜினியர் என்னிடம், “ரெண்டு ஆபிசும் சேர்ந்து ஒரே கடிதமா போடறோம். ஒங்க கம்பெனி பிளான் அனுப்பட்டும்,” என்றார்.

திரும்பும்போதும் அதே ஆள் தண்ணீரில் நின்றார். இந்தக் கரை வந்ததும் இன்ஜினியர் என்னிடம் மெல்லக் கேட்டார்.

“அவர் யாரு? ரெண்டு தடவையும் அவரே எறங்கறாரே?”

“முனுசாமி. கிராணிதான் காட்டினான். அன்னிக்கு மழையில மரம் உருண்டப்ப கட்டில்ல இருந்தது அவர் சம்சாரம். பிள்ள தங்கல.”

என்சிக் ஹாஷிம் கரையில் குனிந்து கையை நீட்டினார். “ஏறி வாங்க அண்ணே,” என்று மலாயில் சொல்லி, முனுசாமியின் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார். இன்ஜினியரின் சட்டையெல்லாம் சேறு. அதைத் துடைக்காமலேயே ஜீப்பில் ஏறினார்.

எனக்குத்தான் வேண்டும்

மறுநாள் மிஸ்டர் லியூ என்னைக் கூப்பிட்டு நன்றாகத் திட்டினார். கேட்காமல் போனது தப்பு, இன்னொரு முறை இப்படிச் செய்தால் வேலை இருக்காது என்றார். சரி சார் என்றேன். கதவுவரை போனவளைக் கூப்பிட்டு, பஸ் செலவு எவ்வளவு என்று கேட்டார். வேண்டாம் சார், லீவில் போனதுதானே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிளான் போயிற்று. சம்மதமும் வந்தது. அதற்குள் கம்பெனி பேப்பரில் ஒரு விளம்பரம் போட்டது. அரசாங்கத் தொடர்பு அதிகாரி தேவை. ஆண். அரசாங்க சேவையில் இருந்தவருக்கு முன்னுரிமை.

விளம்பரத்தைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அந்த வேலையைத்தான் நான் போர்டில் உட்கார்ந்து வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தேன். நேரே மிஸ்டர் லியூ அறைக்குப் போனேன்.

“சார், இந்த வேலைக்கு நான் எழுதிப் போடறேன்.”

“இது ஊர் ஊராக அலைகிற வேலை. உனக்கு இரண்டு பிள்ளைகள்.”

“ஒங்களுக்கு மூணு சார்.”

அவருக்கு அது பிடிக்கவில்லை. “அதிகாரிகளோடு சாப்பிடப் போகவேண்டும். கோல்ஃப் ஆடவேண்டும். பொம்பளை எப்படிப் போவாய்?”

“காலையில எட்டு மணியிலேர்ந்து ஆபிஸ் மூடுற வரைக்கும்தான் எனக்கு அவங்க வேணும். அதுக்கு மேல அவங்க வீட்டுக்குப் போகட்டும், நானும் போறேன்.”

எழுதிப் போடு என்றார். கொடுப்பேன் என்று சொல்லவில்லை.

நேர்முகத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு டைரக்டர் வந்தார். வெளியே என்னோடு காத்திருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு பெரிய மனிதர். டை கட்டியிருந்தார். தன் பேப்பரில் பாதியைப் பிரித்து எனக்குப் படிக்கக் கொடுத்தார். அவரை வெறுக்கவேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை.

டைரக்டர் ஒரே ஒரு கேள்வியைத்தான் அக்கறையாகக் கேட்டார். “அதிகாரி முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வாய்?”

“முடியும்னு சொன்னா அவருக்கு என்ன தொந்தரவு வரும்னு மொதல்ல தெரிஞ்சுக்குவேன். அந்தத் தொந்தரவு யார்கிட்டேர்ந்து வருமோ, அடுத்து அவரப் போய்ப் பாப்பேன்.”

அவர் மிஸ்டர் லியூவைப் பார்த்தார். மிஸ்டர் லியூ ஜன்னலைப் பார்த்தார்.

பல வாரம் பதில் இல்லை. கடைசியில் நானே போய்க் கேட்டேன். டைரக்டர்களுக்கு அந்தப் பெரியவர்மேல்தான் விருப்பம் என்றார் மிஸ்டர் லியூ.

“அவர் சரின்னு சொல்லிட்டாரா சார்?”

“காரும் டிரைவரும் கேட்கிறார்.”

“நான் பஸ்ஸுல போவேன்.”

இன்றைக்கு என் மகள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்கிறாள். நீங்களும் கார் கேட்டிருக்கவேண்டும் அம்மா என்கிறாள். கேட்டிருக்கவேண்டும்தான். அன்று என்னிடம் இருந்ததைத்தான் வைத்துப் பேரம் பேசினேன்.

மிஸ்டர் லியூ பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார். “ஆறு மாசம் பார்க்கலாம். பதவி ஒன்றும் இப்போது வேண்டாம். போர்டிலேயே பேர் இருக்கட்டும், வெளி வேலையைச் செய்.”

எவ்வளவு நாள் காத்திருந்த வார்த்தை! வாய் சரி என்று சொல்லப் போய்விட்டது. இழுத்துப் பிடித்தேன்.

“பதவி இல்லாம போகமாட்டேன் சார். அன்னிக்கு அந்தக் கரையில இன்ஜினியர் ஜீப்புல ஏறிப் போயிருந்தா, நான் சேத்துல நின்னிருப்பேன். அவர் நல்லவர், நின்னார். எல்லாரும் நிக்கமாட்டாங்க. சம்பளத்த ஆறு மாசம் கழிச்சு ஏத்துங்க. பேர இன்னிக்கே குடுங்க.”

கொடுத்தார். நியமனக் கடிதத்தைத் தேவராஜ் சாரே டைப் அடித்தார். அரசாங்கத் தொடர்பு அதிகாரி, தனலெட்சுமி மணியம். அடித்து முடித்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “இனி நான் யார்கிட்டம்மா போன் பேசச் சொல்றது?” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

ராத்திரி மணியத்திடம் சொன்னேன். அவர் எழுந்து போய் என் பழைய செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இது தாங்காது. நாளைக்கு பூட்ஸ் மாதிரி ஒண்ணு வாங்கிக்கலாம்,” என்றார்.

திறப்பு விழா

பாலம் மறுவருஷம் எழுந்தது. கான்கிரீட் தூண், இரும்புக் கைப்பிடி. திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள், நாசி பிரியாணி போட்டார்கள் என்று காக் சைத்தோன் போனில் சொன்னாள். மிஸ்டர் லியூ ரிப்பன் வெட்டும் படம் ஆபிஸ் சுவரில் ரொம்ப நாள் தொங்கியது. என்சிக் ஹாஷிம் இருக்கிறார். குடைக்காரர் இருக்கிறார். ஓரத்தில் முனுசாமியும் அவர் மனைவியும் நிற்கிறார்கள். பாலத்தின் மேல் முதலில் நடக்கச் சொன்னபோது அவள் மாட்டேன் என்றுவிட்டாளாம். எல்லாரும் போன பிறகு அந்தியில் தனியாகப் போய் நடந்தாளாம். கிராணிதான் சொன்னான்.

அந்தப் படத்தில் நான் இல்லை. அந்தக் காலையில் வேறோர் ஊரில், வேறோர் ஆபிசின் பெஞ்சில், சிம்பாங் பூலாய்த் தோட்டத்து லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன்பும் அங்கே வந்து திரும்பியிருக்கிறேன். அன்றும் அதிகாரி மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். மீட்டிங் முடியும்வரை இருக்கிறேன் என்றேன்.

மத்தியானம் ஆயிற்று. என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். கடைசியில் கதவு திறந்தது. உள்ளே இருந்து ஒரு குரல், “இன்னும் யாராவது இருக்காங்களா?” என்று கேட்டது.

“இருக்கேன்,” என்று சொல்லி எழுந்தேன்.